மற்றும் பலரில் ஒருத்தியின் பெட்டி

நடிகைகளைப் பற்றி நம்மிடம் கதைகளுக்குக் குறைவே இல்லை. யாரோடு யாருக்குப் பேச்சு இல்லை, எந்த வீடு எப்போது கைமாறியது, கடைசிக் காலத்தில் கையில் என்ன இருந்தது என்று டீக்கடையிலிருந்து யூடியூப் வரை சொல்வதற்கு ஆள் இருக்கிறது. அந்தப் பெண் தன் கையால் எழுதியது, தன் பெட்டியில் வைத்திருந்தது எங்கே போயிற்று என்று கேட்டால்தான் யாருக்கும் தெரியாது. வீடு மாற்றும்போது போட்டுவிட்டார்கள். வெள்ளையடிக்கும்போது பழைய பேப்பர் கடைக்குப் போய்விட்டது. சம்பந்தி வீட்டார் கண்ணில் படக் கூடாது என்று வெந்நீர் அடுப்பில் வைத்துவிட்டார்கள். இந்த மூன்றையுமே எங்கள் ஊர்ப்பக்கம் என் காதாலேயே கேட்டிருக்கிறேன்.

அப்படிப் போகாமல் தப்பிய ஒரு பெட்டியைப் பற்றித்தான் எழுதுகிறேன். பெட்டிக்காரர் என் அம்மையின் சித்தி. எனக்குச் சின்ன ஆச்சி. அம்பாசமுத்திரத்தில் ஆற்றுக்குப் போகிற தெரு ஒன்றில் இருக்கிறார். பதினாலு வயதில் ஸ்பெஷல் நாடகத்தில் ஸ்திரீபார்ட், அதாவது நாயகி வேடம், போட ஆரம்பித்தவர். 1961-ல் மெட்ராஸ் போய், கோடம்பாக்கத்தில் தோழியாகவும் அண்ணியாகவும் கைம்பெண்ணாகவும் கூட்டத்தில் அழுகிறவளாகவும் நடித்துவிட்டு, எழுபதுகளின் நடுவில் ஊர் திரும்பினார். இப்போது அவர் சொல்லச் சொல்ல, பெட்டியையும் பக்கத்தில் வைத்துக்கொண்டு, நான் அவருடைய வரலாற்றை எழுதிக்கொண்டிருக்கிறேன். "புஸ்தகம் வரும்போது பேரு வரட்டும், அதுக்கு முன்னால எதுக்குட்டி?" என்று சொல்லியிருப்பதால் பெயரை இங்கே எழுதவில்லை.

ஸ்பெஷல் நாடகம் என்றால் என்னவென்று இப்போது பலருக்குத் தெரியாது. கம்பெனி நாடகம் போல எல்லோரும் ஒரே கூரையில் தங்கி ஒத்திகை பார்ப்பது கிடையாது. ராஜபார்ட் ஓர் ஊரிலிருந்து, ஸ்திரீபார்ட் வேறோர் ஊரிலிருந்து, ஆர்மோனியக்காரர் இன்னோர் ஊரிலிருந்து என்று தனித்தனியாகப் பேசி வரவழைப்பார்கள். அன்றைக்கு ராத்திரி மேடையில்தான் ஒருவரையொருவர் பார்ப்பார்கள். விடிய விடிய வள்ளி திருமணமோ பவளக்கொடியோ நடக்கும். பாட்டும் வசனமும் எல்லோருக்கும் பொதுவாக மனப்பாடம் ஆகியிருந்ததால் அது முடிந்தது. அதற்குப் பாதை போட்டவர் நம் சீமைக்காரரான சங்கரதாஸ் சுவாமிகள். 1867-ல் தூத்துக்குடிப் பக்கம் காட்டுநாயக்கன்பட்டியில் பிறந்தவர். சித்திரை, ஆடி கோயில் கொடை மாதங்களில் ஆச்சிக்கு உறக்கம் என்பதே பஸ்ஸில்தான்.

சினிமாவுக்குப் போன பிறகு ஆச்சி எங்கேயும் பதிவாகவில்லை. தியேட்டர் வாசலில் விற்ற பாட்டுப் புத்தகங்கள் சில பெட்டியில் இருக்கின்றன. முதல் பக்கத்தில் நடிகர் பட்டியல் இருக்கும். அதன் கடைசி வரி "மற்றும் பலர்." அந்த இடத்தைத்தான் ஆச்சி விரலை வைத்துக் காட்டுவார். பிலிம் நியூஸ் ஆனந்தன் வாழ்நாள் முழுக்க ஸ்டில்லும் பாட்டுப் புத்தகமுமாகச் சேர்த்தாரே, அதைத் தமிழக அரசே வாங்கியது. கோட்டையூர் ரோஜா முத்தையா சேர்த்தவற்றிலிருந்து 1994-ல் சென்னையில் ஒரு நூலகமே பிறந்தது. இவர்கள் இல்லையென்றால் தமிழ் சினிமாவின் முதல் ஐம்பது வருடம் பாதி அழிந்திருக்கும். படங்களே நிற்கவில்லை: 1931-ல் வந்த முதல் தமிழ்ப் பேசும் படமான காளிதாஸின் பிரதி இன்று கிடையாது. அதில் நாயகியாக நடித்த டி.பி. ராஜலட்சுமிக்கே அந்தக் கதி. ஆனால் அச்சில் "மற்றும் பலர்" என்று போனவர்களுக்கு எந்த நூலகத்திலும் தேடுவதற்குச் சொல் கிடையாது. அவர்கள் அந்த வேலையைச் செய்தார்கள் என்பதற்குச் சாட்சி அவர்கள் வீட்டுப் பெட்டிதான்.

பெட்டி இரண்டு வெள்ளத்தைப் பார்த்தது. 1992 நவம்பர் 13-ம் தேதி தாமிரபரணி ஊருக்குள் வந்தபோது கட்டிலுக்கடியில் இருந்து அடிப்பகுதி நனைந்தது. அந்த வருடத்து மை ஓடிய கறை இப்போதும் கீழ்க்கட்டுகளில் நீலமாக நிற்கிறது. 2023 டிசம்பர் 17, 18-ல் காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 சென்டிமீட்டர் கொட்டித் திருநெல்வேலி ஜங்ஷன் தண்ணீருக்குள் கிடந்ததே, அப்போது பக்கத்து வீட்டுப் பையன்கள் பெட்டியை மச்சுக்குத் தூக்கினார்கள். தண்ணீர் வடிந்த பிறகு ஆச்சி என்னைக் கூப்பிட்டு அனுப்பி, "மூணாவது வெள்ளத்துக்கு நான் இருக்க மாட்டேன், நீ பிரிச்சுப் பாரு" என்றார்.

பிரிப்பதற்கு முன் நூலகத்தில் வேலை பார்க்கிற தோழி ஒருத்தியிடம் கேட்டேன். அவள் முதலில் சொன்னது: எதையும் இனம் பிரிக்காதே. கடிதம் ஒரு பக்கம், ரசீது ஒரு பக்கம், போட்டோ ஒரு பக்கம் என்று அடுக்கத்தான் யாருக்கும் கை வரும். எந்தக் காகிதம் எதோடு சேர்த்துக் கட்டியிருந்தது என்பதே ஒரு தகவல், அதைக் குறித்து, படம் எடுத்து, பென்சிலால் எண் போட்ட பிறகுதான் நூலை அவிழ்க்க வேண்டும் என்றாள். துருப்பிடித்த குண்டூசியையும் ஸ்டேப்ளர் பின்னையும் இழுக்காமல் நெம்பி எடுக்கணும். கிழிந்த இடத்தில் செல்லோடேப் கூடவே கூடாது, அது மஞ்சளாகிக் காகிதத்தையும் சேர்த்துக் கொல்லும். லேமினேஷன் அதைவிட மோசம், பிறகு பிரிக்கவே முடியாது. ஈரம் இருந்தால் வெயிலில் போடாமல் நிழலில் காற்றாட விடவேண்டும். எங்கள் வீடுகளில் பழைய போட்டோ என்றாலே லேமினேஷன் கடைக்கு ஓடுகிறோம் என்பதால் இதைக் கொஞ்சம் அழுத்தியே எழுதுகிறேன். ராமபாணப் பூச்சிக்கு ஆச்சி வைத்திருந்த வசம்பு, பெட்டியைத் திறந்ததும் வாசம் அடித்தது. அறுபது வருடக் காகிதத்தில் பூச்சி அரித்தது சொற்பம்தான்.

தோழி சொன்னதன் அருமை முதல் கட்டிலேயே தெரிந்தது. ஒரே நூலுக்குள் மூன்று காகிதம். நகை அடகு வைத்த சீட்டு ஒன்று. ஒரு ஸ்டில், அதில் கழுத்து நிறைய நகையோடு ராணிக்குப் பக்கத்தில் சாமரம் வீசுகிற ஆச்சி. தம்பியின் கல்லூரிக் கட்டண ரசீது. மூன்றிலும் ஒரே மாதம். இனம் பிரித்து அடுக்கியிருந்தால் மூன்றும் மூன்று பெட்டிக்குப் போயிருக்கும், அந்த மாதம் தொலைந்திருக்கும்.

ஆச்சிக்கு இது பிடிக்கவில்லை. "ஏட்டி, அடகு வச்சதை எல்லாமா புஸ்தகத்துல போடுவாக?" என்றார். அவர் எழுத நினைத்தது வேறு. பெரிய நடிகர் ஒருவர் செட்டில் தன்னைப் பார்த்து "நாடகத்துல இருந்து வந்த பொண்ணா? உச்சரிப்பு தெரியுதே" என்று சொன்ன நாள், வாகினி ஸ்டூடியோவில் முதல்முதலாக விளக்கு முகத்தில் விழுந்த நாள். அவையெல்லாம் புத்தகத்தில் வரத்தான் செய்யும். அவர் சொல்லும்போது எனக்கே மயிர் கூச்செறிகிறது. ஆனால் விளக்கு விழுந்த அன்றைக்குப் பேட்டா எவ்வளவு, அதில் ஏஜென்ட் எடுத்துக்கொண்டது எவ்வளவு, மீதியில் ஊருக்குப் போனது எவ்வளவு என்று அவரே ரெவின்யூ ஸ்டாம்ப் ஒட்டிய வவுச்சர் நகலின் பின்பக்கம் பென்சிலால் கணக்குப் போட்டு வைத்திருக்கிறார். நடிகை என்றால் அவள் செலவழித்த கதையை ஊர் சொல்லும். அவள் ஒரு குடும்பத்துக்கு எவ்வளவு அனுப்பினாள் என்பதை இந்தப் பென்சில் கணக்கைத் தவிர யாரும் சொல்லப்போவதில்லை.

பெட்டியில் மிகப் பெரிய கட்டு மணியார்டர் காகிதங்கள். மணியார்டர் பாரம் பழையவர்களுக்கு நினைவிருக்கும். அதில் கூப்பன் என்று ஒரு துண்டு உண்டு. அனுப்புகிறவர் இரண்டு வரி எழுதலாம், பணத்தோடு அது பெறுகிறவர் கைக்குப் போகும். இன்னொரு துண்டில் பெறுகிறவர் கையெழுத்துப் போட, தபால்காரர் வழியாக அது அனுப்பியவருக்கே திரும்பி வரும். ஆக ஒரு மணியார்டருக்கு ஒரு பாதி அம்பாசமுத்திரத்திலும் மறுபாதி கோடம்பாக்கத்திலும் தங்கும். ஆச்சி ஊர் திரும்பியபோது கையெழுத்துத் துண்டுகளையும் கொண்டுவந்தார். வீட்டில் சுவரோரம் ரசீது குத்துகிற கம்பியில் அவருடைய அப்பா குத்தி வைத்த கூப்பன்கள் அத்தனையும் அப்படியே இருந்தன. இரண்டு பாதிகளும் ஒரே பெட்டிக்கு வந்து சேர்ந்தன. ஒவ்வொரு கூப்பனின் நடுவிலும் கம்பி போன ஓட்டை இருக்கிறது. "சௌக்கியம். தம்பிக்கு ஃபீஸ் கட்டவும். வெயில் அதிகம்." இவ்வளவுதான் எழுத இடம்.

இந்தக் கட்டில்தான் எங்களுக்குள் சிக்கல் வந்தது. ஆச்சி தன் கதையைத் தொடங்கும்போதெல்லாம், "அப்பா தவறின பொறவு வேற வழியில்லாம மெட்ராஸ் போனேன்" என்று தொடங்குவார். நான் குழந்தையாக இருந்தபோதிருந்தே கேட்ட வரி அது. எங்கள் குடும்பத்தில் எல்லோரும் அப்படித்தான் சொல்வோம். ஆனால் 1961 கடைசியிலிருந்து மாதாமாதம் திரும்பி வந்த துண்டுகளில் பெறுநர் கையெழுத்து அவருடைய அப்பாவுடையது. 1964 வரை அது வருகிறது. முதலில் நேராக நின்ற எழுத்து, போகப் போக நடுங்கி, கடைசியில் சில துண்டுகளில் கட்டைவிரல் ரேகை. அதற்கப்புறம்தான் தம்பியின் கையெழுத்து.

துண்டுகளை வரிசையாகப் பாயில் வைத்துக் காட்டினேன். ஆச்சி கண்ணாடியைத் துடைத்துத் துடைத்துப் பார்த்தார். மறுக்கவில்லை. "நான் சொல்லுதது ஒண்ணு, சீட்டு சொல்லுதது ஒண்ணா இருக்கே" என்று மட்டும் சொன்னார். அன்றைக்கு மேற்கொண்டு பேச்சு இல்லை. கொஞ்ச நாள் கழித்து அவரே எடுத்தார். "அப்பா இருக்கும்போதே ஒரு பொம்பளப்பிள்ள சினிமாவுக்குப் போனான்னா ஊரு அப்பாவை என்ன சொல்லும்? செத்த பொறவு போனான்னா பாவம்னு சொல்லும். நான் அவுகளைக் காப்பாத்தத்தான் அப்படிச் சொன்னேன். சொல்லிச் சொல்லி எனக்கே அதுதான் நெசம்னு ஆயிப்போச்சு."

ஒரு தன்வரலாற்றில் இதை என்ன செய்வது? துண்டு சொல்வதை எழுதி, ஆச்சி சொல்வதைத் தள்ளிவிட்டால், ஒரு பெண் அறுபது வருடம் தன் அப்பாவுக்காகச் சுமந்த சொல் காணாமல் போகும். ஆச்சி சொல்வதை மட்டும் எழுதினால், மாதாமாதம் கையெழுத்துப் போட்டு மகளின் பணத்தை வாங்கி, கூப்பனைத் தூக்கி எறியாமல் கம்பியில் குத்தி வைத்த மனிதர் காணாமல் போவார். மெட்ராஸுக்குப் போன மகளோடு அவர் நேரில் பேசவே இல்லையாம். கூப்பனை மட்டும் வைத்திருந்திருக்கிறார்.

இந்த இடத்தில் எனக்குக் கைகொடுத்தவர் ஹாலிவுட் நடிகை இங்க்ரிட் பெர்க்மன். ஸ்டாக்ஹோமில் 1915-ல் பிறந்தவர். குழந்தையிலேயே தாயை இழந்தவர். அப்பா போட்டோக் கடை வைத்திருந்ததால் சிறு வயதிலேயே கேமராவுக்கு முன் நின்றவர். டைரி, கடிதம், போட்டோ, பத்திரிகைத் துணுக்கு எதையும் தூக்கிப் போடாமல் நாடு நாடாகக் கூடவே கொண்டு போனவர். இத்தாலிய இயக்குநர் ரோபர்டோ ரோசலினியோடு வாழப் போனதற்காக 1950 மார்ச் 14-ல் அமெரிக்க செனட்டில் எட்வின் ஜான்சன் என்பவர் அவரைத் திட்டித் தீர்த்தார். சார்லஸ் பெர்சி என்ற வேறொரு செனட்டர் அதற்கு அதே சபையில் வருத்தம் தெரிவிக்க 1972 ஆயிற்று. நாடே ஒரு பெண்ணைப் பற்றிப் பேசியது, அவள் குரலைத் தவிர எல்லாக் குரலும் கேட்டது. பிற்காலத்தில் அவருடைய மகன், நீங்கள் போன பிறகு கிசுகிசுவை வைத்துத்தான் உங்கள் கதையை எழுதுவார்கள், உண்மை தெரியாமல் நாங்கள் எப்படிப் பதில் சொல்வது என்று கேட்ட பிறகுதான் எழுத உட்கார்ந்தார். ஆலன் பர்ஜஸ் என்ற எழுத்தாளர் கூட இருந்தார். 1980-ல் புத்தகம் வந்தது. 1982-ல் தன் பிறந்தநாளான ஆகஸ்ட் 29-ல் பெர்க்மன் இறந்தார். அவருடைய காகிதங்கள் இன்று அமெரிக்காவில் வெஸ்லியன் பல்கலைக்கழகத்தின் காப்பகத்தில் இருக்கின்றன.

அந்தப் புத்தகத்தின் கட்டுமானம்தான் எனக்கு முக்கியமாகப் பட்டது. பெர்க்மன் 'நான்' என்று பேசுவார். நடுவில் பர்ஜஸ் 'அவர்' என்று எழுதுவார். கடிதங்கள் அப்படியே வரும். ஒரு குரல் இன்னொன்றை விழுங்காது. நினைவு தன் வேலையைச் செய்யும், காகிதம் தன் வேலையைச் செய்யும், படிப்பவர் இரண்டுக்கும் நடுவில் நிற்பார். மராத்தியில் நடிகை ஹன்சா வாட்கர் தன் வாழ்க்கையை எழுத்தாளர் அருண் சாதுவிடம் வாயால் சொல்லி எழுதவைத்ததும் நினைவுக்கு வந்தது. 1970-ல் புத்தகமான அந்த வரலாற்றை வைத்துத்தான் ஷ்யாம் பெனகல் 1977-ல் 'பூமிகா' எடுத்தார். நடிகை சொல்ல இன்னொருவர் எழுதும்போது, எழுதுகிறவர் கை எங்கே இருக்கிறது என்பது படிக்கிறவருக்குத் தெரிந்தே ஆக வேண்டும் என்று எனக்கு அப்போதுதான் உறுதிப்பட்டது. ஆச்சி பேசியதை நான் இலக்கணத் தமிழாக மாற்றவில்லை. "சொல்லுதேன்" என்றால் "சொல்லுதேன்"தான். என் பகுதி வேறு எழுத்துருவில் வரும். துண்டுகளின் படம் வரும்.

ஆச்சியிடம் இந்த ஏற்பாட்டைச் சொன்னபோது அவர் கேட்டது ஒன்றுதான். "ரெண்டையும் போடு. நான் சொன்னதை முதல்ல போடு."

அடகுச் சீட்டுக்கும் அதோடு சம்மதம் வந்துவிட்டது. ஆனால் பெட்டியில் இன்னொரு சிறு கட்டு இருக்கிறது, கறுப்பு ரிப்பனில் கட்டியது. ஒரே ஆணின் கையெழுத்தில் இன்லண்ட் லெட்டர்கள். நான் பிரிக்கவில்லை. பிரிக்கலாமா என்று கேட்டேன். ஆச்சி செங்கோட்டைக் கதையைச் சொல்லித்தான் அதற்குப் பதில் சொன்னார்.

செங்கோட்டை எஸ்.ஜி. கிட்டப்பாவையும் கொடுமுடி கே.பி. சுந்தரம்பாளையும் தெரியாதவர் இந்தப் பக்கம் கிடையாது. கிட்டப்பா பிறந்தபோது செங்கோட்டை திருவிதாங்கூர் சமஸ்தானத்தில் இருந்தது, 1956-ல்தான் திருநெல்வேலியோடு சேர்ந்தது. இருவரும் இலங்கையில் சந்தித்து, மேடையில் ஜோடியாகி, வாழ்க்கையிலும் ஜோடியானார்கள். பிறகு பிரிவு. 1933-ல் கிட்டப்பா போனபோது அவருக்கு இருபத்தேழு வயதுதான். சுந்தரம்பாள் அன்றைக்கு உடுத்திய வெள்ளையைக் கடைசிவரை மாற்றவில்லை. 1935-ல் ஒரு லட்சம் சம்பளத்துக்கு நந்தனாராக நடித்ததும், 1958-ல் மேலவை உறுப்பினரானதும் எல்லாம் அந்த வெள்ளையிலேதான். அவர்கள் எழுதிக்கொண்ட கடிதங்களில் சில அச்சில் வந்திருக்கின்றன. ஆச்சிக்கு நாடகம் சொல்லிக்கொடுத்த வாத்தியார் கிட்டப்பாவின் பாட்டை நேரில் கேட்டவராம். அந்தக் கடிதங்களை ஒருமுறை ஆச்சிக்கு நான் வாசித்துக் காட்டினேன். கேட்டு அழுதார். அழுது முடித்துவிட்டு, "அந்த அம்மா மனசு தெரிஞ்சுது, நல்லதுதான். ஆனா என் கடுதாசியப் பத்தி நான் உசுரோட இருக்கும்போதே நான்தான் முடிவு பண்ணுவேன்" என்றார்.

அவர் முடிவு இது: எரிக்க மாட்டார். வாசிக்கவும் விட மாட்டார். அவருக்கும், எழுதியவரின் மனைவிக்கும் காலம் ஆன பிறகு திறக்கலாம். சட்டத்திலும் இதற்கு ஓர் இடம் இருக்கிறது. நமக்கு வந்த கடிதத்தின் காகிதம் நமக்குச் சொந்தம், அதில் உள்ள எழுத்து எழுதியவருக்குச் சொந்தம். எழுதியவர் இறந்த பிறகும் அந்த உரிமை அவர் வாரிசுகளிடம் இருக்கும். அதனால் கடிதம் கையில் இருக்கிறது என்பதற்காக அப்படியே அச்சுக்குக் கொடுக்க முடியாது. இதைச் சொன்னபோது ஆச்சிக்கு ஒரு நிம்மதி. "அவுக பிள்ளைகளும் இருக்குல்லா" என்றார். வெள்ளைத் துணியில் சுற்றி, மேலே அவர் கையாலேயே எழுதி வைத்திருக்கிறார். புத்தகத்தில் அந்தக் கட்டு இருக்கிறது என்று மட்டும் வரும்.

சிலர் என்னிடம் கேட்கிறார்கள், நாலு படத்தில் முகம் காட்டிய ஒருவருக்கு எதற்குத் தன்வரலாறு என்று. புதுமைப்பித்தன் ராஜமுக்தி படத்துக்கு வசனம் எழுதப் புனே போய், அங்கிருந்து நோயோடு திரும்பி, 1948-ல் திருவனந்தபுரத்தில் இறந்தார். நம் ஊர்க்காரரான அவரை சினிமா என்ன பாடு படுத்தியது என்பது அவர் மனைவி கமலாவுக்கு எழுதிய கடிதங்களில்தான் தெரிகிறது. கமலா அவற்றைக் காப்பாற்றியதால் தெரிகிறது. சினிமா என்ற தொழிலை அதன் வாசலில் காத்துக்கிடந்தவர்களின் காகிதம் சொல்வது போல நடுவில் சிம்மாசனம் போட்டு உட்கார்ந்தவர்களின் காகிதம் சொல்லாது என்பது என் எண்ணம். கார் அனுப்புவார்களா, பஸ்ஸில் போகணுமா, ராத்திரி ஷூட்டிங் முடிந்தால் எப்படி வீடு திரும்புவது, மழையில் ஷூட்டிங் ரத்தானால் பாதிப் பேட்டாவாவது உண்டா என்பதெல்லாம் ஆச்சியின் பென்சில் கணக்கில்தான் இருக்கிறது.

1967 வரை எழுதியாகிவிட்டது. அதற்கப்புறம் பெட்டி மெலிந்துவிடுகிறது. வவுச்சர் இல்லாமல் கையில் பணம் கொடுக்க ஆரம்பித்தார்கள் என்கிறார். தம்பியும் வேலைக்குப் போய்விட்டதால் மணியார்டரும் நின்றுபோகிறது. அந்த ஏழெட்டு வருடத்தை ஆச்சியின் வாயிலிருந்துதான் எடுக்க வேண்டும். காலையில் காபி குடித்த கையோடு உட்கார்ந்தால் நன்றாகப் பேசுகிறார். பத்து மணிக்கு மேல் காது அடைத்துக்கொள்கிறது என்பார். இப்போதைக்கு ஊருக்குத் திரும்பி வந்த ரயில் பயணத்தில் நிற்கிறோம். ஒரு நாள் தனியாக வந்தேன் என்கிறார், இன்னொரு நாள் கூட ஒரு தோழி திருநெல்வேலி ஜங்ஷன் வரை வந்தாள் என்கிறார். இதற்குக் காகிதம் இல்லை. அந்தத் தோழியும் நடித்தவர்தான், பேட்டை பக்கம் இருக்கிறாராம். அடுத்த வாரம் அவரைப் பார்க்கப் போகிறேன். அவர் வீட்டிலும் ஒரு பெட்டி உண்டா என்று ஆச்சி கேட்டு வரச் சொல்லியிருக்கிறார்.